மூன்று முறைதான் போக முடியும் என்றால்: கலை அருங்காட்சியகத்தின் வரும் பருவத்தில் எதைத் தேர்வது?

கலை அருங்காட்சியகத்தின் அடுத்த நான்கு மாத நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். அட்டையில் எந்த ஓவியம் அச்சாகியிருக்கிறதோ அந்தக் கண்காட்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவைத்துவிட்டு, மற்றவற்றை நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த நேரம் கிடைப்பதே இல்லை. வேலை, வீடு, உடம்பு என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஒரு பருவத்தில் மூன்று முறை போக முடிந்தாலே பெரிது. ஆகவே அந்த மூன்றை எதற்குக் கொடுப்பது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நிரலில் வழக்கமாக இருப்பவை இவை: வெளி அருங்காட்சியகங்களிலிருந்து இரவல் வாங்கி நடத்தும் ஒரு பெரிய சிறப்புக் கண்காட்சி, சொந்தச் சேகரிப்பின் பெட்டிகளிலிருந்து நீர்வண்ண ஓவியங்களையோ அச்சோவியங்களையோ பழைய புகைப்படங்களையோ எடுத்து வைக்கும், விளம்பரம் அதிகமில்லாத ஒரு சிறு கண்காட்சி, நிரந்தரக் கூடங்களில், சேகரிப்புக்குப் பொறுப்பான காப்பாட்சியர்களும், படைப்புகளைப் பழுதுபார்த்துப் பேணும் பாதுகாப்பு வல்லுநர்களும் நிகழ்த்தும் உரைகள், திறப்பு விழா, இசை நிகழ்ச்சி, இரவு நேரத் திறப்பு போன்ற கூடுகைகள், வரைதல் பயிற்சி, குழந்தைகளுக்கான நாள். இவற்றை ஒப்பிட நான் பயன்படுத்தும் கேள்விகள் இரண்டு. இப்போது விட்டால் மறுபடி எப்போது பார்க்கக் கிடைக்கும் என்பது முதல் கேள்வி. போனால் ஒரு படைப்பின் முன்னால் எவ்வளவு நேரம் நிம்மதியாக நிற்க முடியும் என்பது இரண்டாவது. தொல்லை என்னவென்றால், இந்த இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். எது அரிதோ அங்கே கூட்டம் நெரிகிறது. எங்கே நிற்க இடம் இருக்கிறதோ அதற்கு இன்றே போக வேண்டும் என்ற அவசரம் எவருக்கும் தோன்றுவதில்லை.

பெரிய சிறப்புக் கண்காட்சியின் பக்கம் இருக்கும் நியாயம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2023 பிப்ரவரி 10 முதல் ஜூன் 4 வரை டச்சு ஓவியர் வெர்மீருக்காக நடத்திய கண்காட்சியில், அவர் வரைந்ததாக ஏற்கப்படும் ஏறத்தாழ 37 ஓவியங்களில் 28 ஒரே கூரையின் கீழ் இருந்தன. வெர்மீரின் வாழ்நாளில்கூட ஒருவர் இத்தனையையும் சேர்த்துப் பார்த்திருப்பாரா என்பது ஐயம். இப்படி ஒன்று கூடிவருவதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்திருக்கும். இரவல் தருபவர் கூடத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நிபந்தனையாக வைப்பார். பெரிய அருங்காட்சியகங்களுக்கு இடையே பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு 16 முதல் 25 டிகிரி செல்சியஸும், 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் ஆகும். ஓவியத்துடன் ஓர் அலுவலர் கூடவே பயணம் செய்வார். பெட்டி வந்து இறங்கியதும் புதிய காற்றுக்குப் பழகட்டும் என்று ஒரு நாள் முழுவதும் திறக்காமல் வைத்திருப்பார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தவை கலைந்துவிட்டால் மறுபடி ஒரு தலைமுறைக்குச் சேராமல் போகலாம்.

உள்ளூர் அருங்காட்சியகம் சிறியது, அங்கே என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று நினைப்பதும் சரியன்று. நெதர்லாந்தின் சேர்டோகன்போஸ் நகரம் ஓவியர் ஹிரோனிமஸ் பாஷ் பிறந்து வாழ்ந்து மறைந்த ஊர். ஆனால் அங்குள்ள நூர்ட்பிராபான்ட்ஸ் அருங்காட்சியகத்திடம் அவருடைய ஓவியம் ஒன்றுகூட இல்லை. பண்டமாற்றாக இரவல் கொடுக்கவும் கையில் ஒன்றும் இல்லை. அவர்கள் செய்தது, பாஷின் ஓவியங்களை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் போய், அவற்றை ஆராயவும் பழுது நீக்கவும் தாங்கள் ஏற்பாடு செய்வதாகச் சொன்னதுதான். அதற்குக் கைம்மாறாக ஓவியங்கள் வந்தன. அவர் மறைந்து 500 ஆண்டுகள் ஆன 2016இல் நடந்த அந்தக் கண்காட்சியை 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கடைசி நாட்களில் கூட்டத்தைச் சமாளிக்க இரவு பகலாகத் திறந்துவைக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த நான்கு லட்சத்தில் ஒருவராக நிற்பது எப்படி இருக்கும் என்பதுதான் இரண்டாவது கேள்வி. ஒரு சாதாரணக் கணக்கைப் பார்க்கலாம். கண்காட்சியில் 70 படைப்புகள் இருக்கின்றன, உங்கள் கால்கள் 90 நிமிடம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு படைப்புக்குக் கிடைப்பது 77 நொடி. நடப்பது, முன்னால் நிற்பவர் நகரக் காத்திருப்பது, விளக்க அட்டையைப் படிப்பது எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். கால்கள் தாங்குமா என்பதும் சிறிய கேள்வி அன்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் கில்மன் 1916இலேயே, காட்சிப் பெட்டிகளுக்கு முன் ஒரு மனிதர் குனிந்தும் நிமிர்ந்தும் கழுத்தைத் திருப்பியும் படும் பாட்டைப் படமெடுத்து வெளியிட்டு, அதற்கு அருங்காட்சியகக் களைப்பு என்று பெயரும் வைத்துவிட்டார். உண்மையில் பார்வையாளர்கள் அந்த 77 நொடியைக்கூடக் கொடுப்பதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற படைப்புகளின் முன் மக்கள் நின்ற நேரத்தை அளந்து 2001இல் வெளியான ஆய்வு, சராசரி 27 நொடி என்றது; நடுவில் நிற்கும் அளவு, அதாவது பாதிப் பேர் தாண்டாத அளவு, 17 நொடிதான். அதே ஆய்வாளர்கள் சிகாகோவில் அளந்து 2017இல் வெளியிட்டபோதும் சராசரி 28 நொடிக்கு மேல் பெரிதாக நகரவில்லை.

ஆகவே பெரிய கண்காட்சிக்குப் போவது என்று முடிவு செய்தால், எப்போது போவது என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதிதான். திறந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தின் வேலை நாட்கள்தான் நல்லவை. கடைசி வாரம் எல்லாவற்றிலும் மோசமானது; தள்ளிப்போட்டவர்கள் அத்தனை பேரும் அப்போதுதான் வருவார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் லியனார்டோ டாவின்சி கண்காட்சியை 2020 பிப்ரவரியில் முடித்தபோது கடைசி மூன்று இரவுகள் விடிய விடியத் திறந்திருந்ததும் இதே காரணத்தால்தான். நேரம் குறித்த டிக்கெட் இருக்கிறதே என்று ஆறுதல் அடைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது உள்ளே நுழையும் நேரத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, வெளியேறும் நேரத்தை அன்று. பத்து மணிக்கு நுழைந்தவர்களும் பதினொன்றுக்கு நுழைந்தவர்களும் பதினொன்றரைக்கு ஒரே கூடத்தில்தான் நிற்பார்கள். அன்றைய முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்து, எல்லோரும் சுவரிலுள்ள முன்னுரையைப் படித்துக்கொண்டு நிற்கும் முதல் அறையைக் கடந்து நேராகக் கடைசி அறைக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வருவது என் வழக்கம். முதல் இருபது நிமிடம் அறைகள் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். கண்காட்சியை அமைத்தவர் கோத்த வரிசை குலைந்துவிடுகிறது என்பது உண்மைதான். அந்த வரிசையை நூறு பேரின் தோள்களுக்கு நடுவே தொடர்வதைவிட இது பரவாயில்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரலில் போட்டிருக்கும் எல்லாப் படைப்புகளும் முழுக் காலமும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வெர்மீர் கண்காட்சி ஜூன் வரை நடந்தாலும், முத்துக் காதணி அணிந்த பெண்ணின் ஓவியம் மார்ச் இறுதியோடு ஹேக் நகரிலுள்ள தன் சொந்த அருங்காட்சியகத்துக்குத் திரும்பிவிட்டது. அது முன்பே அறிவிக்கப்பட்டதுதான். சுவரொட்டியை மட்டும் பார்த்துவிட்டு மே மாதத்துக்கு முன்பதிவு செய்பவருக்கு இப்படிப்பட்ட அறிவிப்புகள் கண்ணில் படுவதில்லை. எந்தப் படைப்பு எந்தத் தேதி வரை என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இப்போது நிரலின் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், பெரும்பாலும் படமே இல்லாமல் அறிவிக்கப்பட்டிருக்கும் அந்தச் சிறு கண்காட்சிக்கு, அதாவது தாளோவியக் கண்காட்சிக்கு வருவோம். என்னைக் கேட்டால் மூன்று வருகைகளில் முதலாவதை இதற்குத்தான் கொடுக்க வேண்டும். காரணம் ஒளி. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தரலாம் என்றால், தாளில் உள்ள நீர்வண்ணங்களுக்கும் சாயமிட்ட துணிகளுக்கும் வழக்கமாக அனுமதிக்கப்படும் அளவு 50 லக்ஸ். நல்ல வெயிலில் வெளியே நிற்கும்போது நம்மீது விழுவது ஒரு லட்சம் லக்ஸை எட்டும் என்பதோடு ஒப்பிட்டால் அந்த அறை எவ்வளவு மங்கலாக இருக்கும் என்று விளங்கும். ஒளியால் வரும் கேடு சேர்ந்துகொண்டே போவது, திரும்பப் பெற முடியாதது. 50 லக்ஸில் இரண்டு மாதம் வைப்பதும் 100 லக்ஸில் ஒரு மாதம் வைப்பதும் ஏறக்குறைய ஒரே செலவு. ஒவ்வொரு தாளுக்கும் இப்படி ஒரு ஒளிக்கணக்கு இருப்பதால், சில மாதம் சுவரில் இருந்த பிறகு அது மறுபடி பெட்டிக்குள் போய்ப் பல ஆண்டுகள் இருட்டில் கிடக்கும். வியன்னாவின் ஆல்பர்டினா வைத்திருக்கும், ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் வரைந்த முயல், உலகத்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட வரைவுகளில் ஒன்று. மூலத்தைப் பார்க்க விரும்புகிறவர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அது சில மாதங்கள் மட்டும் வெளியே வரும் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இதை முன்கூட்டியே அறிந்தவர் ஒருவர் இருந்தார். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் ஜோசப் மேலார்ட் வில்லியம் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை ஸ்காட்லாந்தின் தேசியக் காட்சிக்கூடத்துக்கு எழுதிவைத்தார். 1900இல் அவை எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தன. உயிலில் அவர் வைத்த நிபந்தனை, அவற்றை ஆண்டுதோறும் ஜனவரி மாதம் மட்டும், எல்லாவற்றையும் சேர்த்து, கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்பது. ஜனவரியில் அங்கே வெயில் மிகவும் வலுவற்றது. நூற்றாண்டுக்கு மேலாக அந்த நிபந்தனை காக்கப்பட்டு வந்ததால் வண்ணங்கள் இன்றும் துலக்கமாக இருக்கின்றன.

தாளோவியக் கண்காட்சியில் இரண்டாவது கேள்விக்கும் நல்ல விடை கிடைக்கிறது, ஏனென்றால் அங்கே கூட்டம் இருக்காது. அறைக்குள் நுழைந்ததும் முதல் ஓரிரு நிமிடம் எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பலர் அத்தோடு சலித்துத் திரும்பிவிடுகிறார்கள். கண் பழகும்வரை நின்றால் ஒவ்வொன்றாகத் தெளியும். செதுக்கு அச்சோவியம் என்றால், படத்தைச் சுற்றிச் சிறிது தள்ளித் தாளில் ஒரு மெல்லிய பள்ளக்கோடு செவ்வகமாக ஓடுவதைப் பாருங்கள். ஈரத்தாளோடு செப்புத் தகட்டை அழுத்தியபோது தகட்டின் விளிம்பு பதிந்த தடம் அது. நீர்வண்ணம் என்றால், வானத்தின் நீலம் காய்ந்து நின்ற இடத்தில் விளிம்பு மட்டும் சற்று அடர்ந்திருக்கும். அதற்கடியில் பென்சிலால் போட்ட மலைக்கோடு வேறோர் இடத்தில் ஓடும். ஓவியர் மனம் மாறியது அந்தக் கால் அங்குல இடைவெளியில் தெரியும். இவற்றை எந்தப் பெரிய கண்காட்சியிலும் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டு பார்க்க முடியாது.

இப்படி ஒன்றை நான் தவறவிட்டிருக்கிறேன். பெரிய கண்காட்சி முடியட்டும், கூட்டம் ஓயட்டும், பிறகு ஒரு நாள் சாவகாசமாகப் போகலாம் என்று ஒரு சிறு அச்சோவியக் கண்காட்சியைத் தள்ளிவைத்தேன். போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. அடுத்து எப்போது வைப்பீர்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்தவர் சிரித்தாரே தவிர ஆண்டு எதையும் சொல்லவில்லை. தவறு முழுக்க என்னுடையது. முடியும் தேதி நிரலிலேயே இருந்தது.

நிரந்தரக் கூடங்களைப் பொறுத்தவரை நம் மனநிலை விசித்திரமானது. அவை எங்கே போய்விடப் போகின்றன என்ற எண்ணத்தால், பக்கத்திலேயே குடியிருப்பவர்கள்தான் அவற்றைக் குறைவாகப் பார்க்கிறார்கள். லண்டன் தேசியக் காட்சிக்கூடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தன் ஓவியங்களை எல்லாம் வேல்ஸில் உள்ள ஒரு கற்சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டபோது, வெறுஞ்சுவரைப் பார்க்கப் பொறாத மக்களின் வேண்டுகோளுக்கு இணங்கி 1942 முதல் மாதம் ஓர் ஓவியத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். நூற்றுக்கணக்கில் தொங்கியபோது கடந்து போனவர்கள் ஒன்றே ஒன்று இருந்தபோது அதன் முன் நின்றார்கள். நிரந்தரக் கூடத்தில் நடக்கும், ஒரே ஒரு படைப்பைப் பற்றிய அரைமணி நேர உரை நமக்குச் செய்து தருவதும் இதைத்தான்: கூடத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் சுரங்கத்துக்கு அனுப்பிவிடுகிறது.

நீண்ட நேரம் பார்ப்பதால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்பவர். ஜான் சிங்கிள்டன் காப்லி 1765இல் வரைந்த, பறக்கும் அணிலோடு இருக்கும் சிறுவனின் ஓவியத்தில் தானே அதைச் செய்து பார்த்தார். சிறுவனின் காது வடிவமும் அணிலின் வயிற்றோரத்து மயிர் வரிசையின் வடிவமும் ஒன்று என்பதைக் காண ஒன்பது நிமிடம் ஆயிற்று. சங்கிலியைப் பிடித்த விரல்களின் அகலமும் கீழே இருக்கும் தண்ணீர்க் குவளையின் வாயகலமும் சமம் என்பது இருபத்தோராவது நிமிடத்தில்தான் தெரிந்தது. பின்னால் தொங்கும் திரைச்சீலையின் மடிப்புகள், ஏனோதானோ என்று விழுந்தவை அல்ல, சிறுவனின் காதையும் கண்ணையும் அப்படியே படியெடுத்தவை என்று புரிய முக்கால் மணி நேரம் பிடித்தது. கலை வரலாற்றையே தொழிலாகக் கொண்டவருக்கே இவ்வளவு நேரம். 27 நொடியில் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

எல்லா உரைகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன்னார்வ வழிகாட்டியின் பொதுச் சுற்று முதல்முறை வருபவருக்கு நல்லது. கட்டடத்தின் அமைப்பு பிடிபடும், எங்கே திரும்ப வர வேண்டும் என்று தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது. காப்பாட்சியரின் உரை அவரைப் பொறுத்தது. சிலர் படைப்பைப் பார்த்துப் பேசுவார்கள், சிலர் கையிலுள்ள தாளைப் பார்த்துப் படிப்பார்கள். உயிரோடிருக்கும் ஓவியர் தன் படைப்பைப் பற்றிப் பேசுவது கேட்க இனிமையாக இருந்தாலும், பேச்சு கேள்வி நேரத்தில் வாழ்க்கை வரலாறாக மாறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும்விட நான் தவறவிடாதது பாதுகாப்பு வல்லுநரின் உரை. அவர் பொருளைத் தொட்டவர். ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் கால நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒன்றரை மீட்டர் உயரமும் 300 கிலோ எடையும் உள்ள அந்தச் செப்புத் திருமேனியின் உட்புறத்தைச் சாதாரணக் கருவியால் ஊடுருவ முடியாது. எனவே ரோட்டர்டாம் துறைமுகத்தில் சுங்கத்துறையினர் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் ஊடுகதிர்க் கூடத்துக்குள் அதை லாரியோடு சேர்த்து அனுப்பிப் படமெடுத்தார்கள். உள்ளே வெற்றிடம் எதுவும் இல்லை, முழுக்கத் திண்மமாக வார்க்கப்பட்டது என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. விளக்க அட்டையில் இது ஒரு சொல்லாக இருக்கும். வல்லுநர் சொன்னால் ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும்.

சில இடங்களில் பழுதுபார்க்கும் வேலையே காட்சியாகிவிடுகிறது. ரெம்பிராண்ட் 1642இல் முடித்த இரவுக் காவல் என்ற பெரும் ஓவியத்தை 2019 முதல் கண்ணாடி அறைக்குள் வைத்து, பார்வையாளர்கள் கண் முன்னாலேயே ஆராய்ந்துவருகிறார்கள். உங்கள் அருங்காட்சியகத்தின் நிரலில் 'பணிமனையைத் திறந்து காட்டும் நாள்' என்றோ, 'சேமிப்பறைச் சுற்று' என்றோ ஒரு வரி இருந்தால், அது எத்தனை பேருக்கு என்று பாருங்கள். பத்துப் பதினைந்து பேருக்குமேல் இராது. முன்பதிவு திறக்கும் நாளிலேயே இடம் பிடித்துவிட வேண்டியது அதுதான்.

நிரலைப் படித்தே உரையின் தரத்தை ஓரளவு ஊகிக்கலாம். தலைப்பில் ஒரு பொருளின் பெயர் இருந்தால் நம்பிப் போகலாம். 'அடையாளமும் நவீனத்துவமும்' என்பதுபோல எதையும் சுட்டாமல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருக்கும் தலைப்பு இருந்தால், அது பெரும்பாலும் அரங்கத்தில், திரையில் படங்களைக் காட்டி நடக்கும் சொற்பொழிவாக இருக்கும். அதற்கு அருங்காட்சியகம் வரை போக வேண்டியதில்லை. பதிவை வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்ளலாம்.

திறப்பு விழாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். அங்கே ஆட்களைப் பார்க்கலாம், ஓவியங்களைப் பார்க்க முடியாது. முன்பு லண்டன் ராயல் அகாடமியில் திறப்புக்கு முன் ஓவியர்கள் வந்து கடைசிப் பூச்சு வைக்கும் நாட்கள் இருந்தன. 1832இல் ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் செவ்வண்ணம் மிளிரும் பெரிய ஓவியத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்த தன் சாம்பல்நிறக் கடற்காட்சியில், டர்னர் ஒரு பொட்டுச் சிவப்பை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பிறகு அதையே கடலில் மிதக்கும் மிதவையாக மாற்றினார். அப்படிப்பட்ட திறப்பு நாள் இன்று இருந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இரவு நேரத் திறப்பும் இசை நிகழ்ச்சியும் அப்படித் தள்ளக்கூடியவை அல்ல. லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தின் அதே போர்க்கால வெறுஞ்சுவர்களுக்கு நடுவே பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் தொடங்கிய மதிய உணவு வேளைக் கச்சேரிகள் 1946 வரை, மொத்தம் 1,698 முறை நடந்தன. அருங்காட்சியகத்துக்கு வரும் பழக்கமே இல்லாத பலரை அவை உள்ளே கொண்டுவந்தன. இன்றும் இசை நடக்கும் மாலையில் பலர் ஒரே அரங்கில் இருப்பதால், மற்றக் கூடங்கள் திறந்திருக்குமானால் அவை வெறிச்சோடிக் கிடக்கும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது அதனால்தான் இலாபம். எல்லாக் கூடமும் திறந்திருக்குமா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்; பல இடங்களில் கீழ்த்தளத்தை மட்டும் திறந்துவைத்துவிட்டு இரவுத் திறப்பு என்று சொல்லிவிடுகிறார்கள்.

வரைதல் பயிற்சியைப் பற்றி எனக்கு முதலில் நல்ல எண்ணம் இல்லை. வரையத் தெரியாதவனுக்கு அங்கென்ன வேலை என்று நினைத்தேன். ஒருமுறை போன பிறகு அதை வரையக் கற்கும் வகுப்பாக அல்ல, பார்க்க வைக்கும் வகுப்பாகப் புரிந்துகொண்டேன். ஒரு சிலையின் முழங்கையை வரைய வேண்டுமென்றால் அது எங்கே மடிகிறது என்று பத்து முறை பார்த்தே ஆக வேண்டும். இரண்டு மணி நேரம் ஒரே பொருளின் முன் உட்கார வேறெந்த நிகழ்ச்சியும் நம்மை இப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. பென்சில் மட்டுமே அனுமதி, மையோ வண்ணமோ கூடாது என்பார்கள்; தவறித் தெறித்தால் பென்சில் தூளை அகற்றலாம், மையை அகற்ற முடியாது என்பதே காரணம். குழந்தைகளுக்கான நாள் குழந்தைகள் உள்ளவர்களுக்கானது. அவர்களும் அன்று தாங்கள் எதையாவது பார்க்க முடியும் என்ற நினைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

சுவரிலும் தரையிலும் ஓவியங்களைப் பெரிதாக ஒளிபாய்ச்சிக் காட்டும் காட்சிகளும் இப்போதெல்லாம் நிரலில் இடம்பெறுகின்றன. மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் அவற்றிடம் கேட்டுப் பாருங்கள். மூலம் எதுவும் அங்கே இல்லாததால் அரிது என்று சொல்ல ஒன்றுமில்லை. படம் சில நொடிகளில் மாறிவிடுவதால் நின்று பார்க்கவும் வழியில்லை.

இனி பணம். உறுப்பினர் கட்டணத்தை ஒரு தனி டிக்கெட்டின் விலையால் வகுத்தால், எத்தனை முறை போனால் கட்டுப்படியாகும் என்று தெரிந்துவிடும். மூன்றுக்குள் வந்தால் யோசிக்கவே வேண்டாம். நான்கு, ஐந்து என்று வந்தாலும் நான் உறுப்பினராவதையே சொல்வேன், மிச்சம் பிடிப்பதற்காக அன்று. முழுக் கட்டணம் கொடுத்து நுழைந்தவர் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று எழுபது படைப்புகளையும் சுற்றி வருவார். அட்டை வைத்திருப்பவர் ஒரே ஓவியத்தின் முன் இருபது நிமிடம் நின்றுவிட்டு மனம் உறுத்தாமல் வீடு திரும்பலாம். பெரிய கண்காட்சிக்கு மட்டும் உறுப்பினர்களிடமும் தனிக்கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. சேரும் முன் அதைக் கேட்டுவிட வேண்டும்.

ஆக, மூன்று வருகைகளில் முதலாவது தாளோவியக் கண்காட்சிக்கு. பெரிய கண்காட்சி அதே மாதங்களில் நடந்தால், அதன் இரண்டாம் வாரத்தில் ஒரு வேலை நாளின் முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்து, பத்துப் படைப்புகளை மட்டும் முன்பே தேர்ந்துகொண்டு போவது இரண்டாவது. மூன்றாவது, நிரந்தரக் கூடத்தில் ஒரே பொருளைப் பற்றிய உரைக்கு, அதிலும் முடிந்தால் பாதுகாப்பு வல்லுநரின் உரைக்கு. உங்கள் ஓவியரே பெரிய கண்காட்சிக்கு வருகிறார் என்றால், அதாவது பத்து ஆண்டுகளாகப் புத்தகத்தில் மட்டுமே பார்த்துவந்த ஒருவருடைய மூலங்கள் வருகின்றன என்றால், இந்த வரிசையைத் தூக்கி எறிந்துவிட்டு மூன்று வருகைகளையும் அவருக்கே கொடுக்கலாம். முதல்முறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க, மற்ற இருமுறையும் இரண்டே ஓவியங்களின் முன் நிற்க. அருங்காட்சியகத்துக்கே புதியவராக இருந்தாலும் வரிசை மாறும். வழிகாட்டியின் பொதுச் சுற்றிலிருந்து தொடங்கி, பெரிய கண்காட்சியை அடுத்த பருவத்துக்கு விட்டுவிடலாம், இன்னொன்று கட்டாயம் வரும்.

தேதிகளைக் குறிக்கும்போது ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் வண்ண ஓவியங்களின் பெரிய கண்காட்சிக்கு வரவேற்பு நன்றாக இருந்தால், இரவல் தந்தவர்கள் இசையும்போது, சில நாட்களோ சில மணி நேரங்களோ நீட்டிப்புக் கிடைப்பதுண்டு. தாளோவியக் கண்காட்சிக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. ஒளிக்கணக்கு முடிந்த மாலை விளக்கை அணைத்துவிட்டுச் சட்டங்களைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள்.